தராசு ரிப்பேர்காரர் எழுதிய பிரசவக் கதை

அப்பாவிடம் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் அங்கிருந்த தராசைப் பற்றித்தான் சொல்வார். முப்பத்திரண்டு வருஷம் ஒரு தராசுக் கம்பெனியில் ரிப்பேர் வேலை. இருபது கிலோ எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராக அலைந்தவர். கடலோர ஊரா? "மீன் மார்க்கெட் தராசு. உப்புக் காத்துல துருப்பிடிச்சுக் கிடக்கும்." மலை மேல் ஊரா? "போஸ்ட் ஆபீஸ் பார்சல் தராசு. மேஜை ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், தராசக் குத்தம் சொல்வாங்க." கடலையும் மலையையும் இந்த மனுஷர் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ரிடையர் ஆனதும் கதை எழுத உட்கார்ந்தார். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் முதல் கதையே வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. நகைக்கடையில் எடை போடும்போது ஃபேனை நிறுத்துவார்கள், காற்றில் தட்டு ஆடும் என்பதால். கதையில் அன்றைக்கு மட்டும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை வைத்தே ஒரு தராசு மெக்கானிக் திருடனைப் பிடித்துவிடுகிறார். அந்தக் கதாநாயகர் யார் ஜாடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் அப்பா தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது.

அவர் எழுத்து சுத்தக் கோழிக் கிறுக்கல். அம்மாதான் நல்ல தாளில் பிரதி எடுப்பாள். சும்மா எடுக்க மாட்டாள். "இந்த ஆளு எதுக்கு ரெண்டு பக்கத்துக்கு மழையவே பாத்துக்கிட்டு நிக்கிறான்? கடைக்குப் போகச் சொல்லுங்க" என்று பாதியை அடித்துவிடுவாள். அப்பா முனகுவதோடு சரி. அம்மா கை வைத்த கதைகள்தான் அச்சேறின என்பது அவருக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு போட்டி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கதை போய்ச் சேர வேண்டும். அப்பா எழுதியது இதுதான்.

ஒரு தராசு மெக்கானிக் வெளியூரில் வேலையாக இருக்கிறான். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை சரியில்லை, உடனே வா என்று மச்சான் லாட்ஜுக்குப் போன் செய்கிறான். இவனும் அடித்துப் பிடித்து ரயில் ஏறுகிறான். ஆனால் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுகிறான். போனால் என்ன சொல்வார்களோ என்று பயம். பிளாட்பாரத்தில், காசு போட்டால் சீட்டு தள்ளுகிற எடை மெஷின் ஒன்று நிற்கிறது. ஏறுகிறான், ஐம்பத்தெட்டு. மறுபடி ஏறினால் அறுபத்தொன்று. மெஷின் சரியில்லை, இதை இப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் வரை பதினோரு தடவை எடை பார்க்கிறான்.

அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நான் பிறந்த அன்று அப்பா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர், ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்றாராம். இருபத்தேழு வருஷமாக எங்கள் வீட்டில் அதுதான் சரித்திரம். அந்த வெள்ளத்தைப் பற்றி என் தோழிகளிடம் நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பேனா மூடியே கிடந்தது. அம்மா சமைத்தாள், துணி மடித்தாள், அப்பாவிடம் உப்பு போதுமா என்றுகூடக் கேட்டாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை மாடிப்படிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"அது வெறும் கதைதான்னு அம்மாகிட்டச் சொல்லேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொறந்ததும் நான், உங்களுக்கு வக்கீலும் நானா? எத்தனை ஊர் சுத்துனீங்க, எழுத வேற எடமே கெடைக்கலையா?"

"எந்த ஊர நெனச்சு உக்காந்தாலும் அந்த பிளாட்பாரம்தாம்மா முன்னால வந்து நிக்குது" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை அவரே அம்மா முன்னால் போய் நின்றார். "அது நான்தான். தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு பயந்துட்டேன்."

அம்மா பேனாவைத் திறந்தாள். "பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. தப்பு. பதினாலு."

அப்பா திருதிருவென விழித்தார்.

"அந்த வாரம் உங்க சட்டையத் தோய்ச்சது யாரு? பையில பதினாலு சீட்டு. ஸ்டேஷன் பேரு, தேதி எல்லாம் அடிச்சிருந்துச்சு."

"அப்பவே தெரியுமா? ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். இவ்வளவு நாளாகும்னு நெனைக்கல." அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பிளாட்பாரத்துலயே முடிச்சா எப்படி? ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு வேண்டாமா? அத நீங்க எழுத முடியாது. நீங்க அங்க இல்ல."

மிச்சத்தை அவளே எழுதினாள். குழந்தையை எடை போட வைத்ததும் தராசு முள் நடுவில் சிக்கிக்கொள்கிறது. நர்ஸ் தட்டிப் பார்க்கிறாள், அசையவில்லை. "இதச் சரி பண்ற ஆளு எங்க போய்த் தொலைஞ்சானோ" என்று அலுத்துக்கொள்கிறாள். கட்டிலில் கிடக்கிறவளுக்கு அத்தனை வலியிலும் சிரிப்பு வருகிறது. அப்புறம் அழுகை வருகிறது.

அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்ப இவ மூணு கிலோன்னு சொன்னியே?"

"நர்ஸ் கையில தூக்கிப் பாத்துட்டு குத்துமதிப்பா எழுதிக்கிட்டா."

பொய் சொன்னதற்கு அப்பா இரண்டு நாள்தான் சாப்பிடாமல் இருந்தார். இதற்கு இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.