மீசையைப் பந்தயம் வைத்து ஆடிய முற்றுகை

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மாந்தோப்பு வேலைதான் தெரியும். அப்படிப்பட்டவன் கணினியில் போர் நடத்தினேன் என்று எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே படியுங்கள்.

போன மே மாதம் காய் பறிப்பு முடிந்து தோப்பு ஓய்ந்திருந்தது. பொள்ளாச்சியிலிருக்கும் என் மச்சான், ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த என் மகளுக்கு ஒரு லேப்டாப்பை இரவல் கொடுத்திருந்தார். பள்ளி திறக்கும் அன்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் பழைய காலத்துப் போர் விளையாட்டு ஒன்று இருந்தது. மலையடிவாரத்தில் சின்னப் பாளையம் ஒன்று. மண்கோட்டைக்குள்ளே முந்நூறு பேர். வெளியே பீரங்கிகளோடு பத்தாயிரம் பேர். நாம் ஒவ்வொரு முறை காய் நகர்த்தும்போதும் விளையாட்டில் ஒரு மாதம் ஓடிவிடும். ஜனவரியில் முற்றுகை தொடங்குகிறது. எதிரி கிளம்பிப் போகும்வரை கோட்டை விழக்கூடாது.

மகள் நான்கு நாள் ஆடிப் பார்த்துவிட்டு, "இது முடியாதுங்கப்பா. எங்க கிளாஸ்ல ஒருத்தரும் ஜெயிக்கல" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கோட்டைய உடாம வெச்சிருக்கறது ஒரு பெரிய வேலையா கண்ணு? நான் காட்டறேன், பாரு. தோத்தா மீசைய எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் உடனே நோட்டில் எழுதினாள். பள்ளி திறப்பதற்குள் ஜெயிக்க வேண்டும். ஆங்கிலத்தை அவள் படித்துச் சொல்வாள், அவ்வளவுதான். வேறு யாரும் யோசனை சொல்லக்கூடாது. சொன்னால் நான் தோற்றதாகக் கணக்கு. கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

இருபது வயதில் வைத்த மீசை அது. இறக்கியதே இல்லை.

விளையாட்டின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மழை பிடித்தால் பீரங்கி வண்டி சேற்றில் நகராது என்று மகள் படித்துச் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது. களஞ்சியத்தில் ஆறு மாதத்துக்குத் தானியம் இருந்தது. ஜனவரியிலிருந்து எண்ணினால் ஜூன். ஜூன் முதல் வாரம் காலவர்ஷம், அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிடும் என்று கேரள எல்லையோரமான இங்கே டிவியில் மலையாளத்தில் சொல்லுவார்கள், அது பெரும்பாலும் வந்தும்விடும். ஆகவே எல்லாருக்கும் வயிறு நிறையச் சோறு போட்டேன். அகழியை ஆழப்படுத்தினேன். ஜூன் வந்தது. ஒரு சொட்டு விழவில்லை. ஜூலையில் பட்டினி, மதில் இடிந்தது, கோட்டை போனது.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது போல என்று மறுபடி ஆடினேன். மறுபடியும் காய்ந்த ஜூன். இப்படியே ஆறு தடவை. மதிலை உயர்த்திப் பார்த்தேன், கதவுக்கு இரும்பு அடித்துப் பார்த்தேன், வெளியே பாய்ந்து சண்டையும் போட்டுப் பார்த்தேன். எதைச் செய்தாலும் ஜூன் வந்து மோசம் செய்தது.

"இந்த வெளையாட்ட செஞ்சவனுக்கு மழையே தெரியல கண்ணு" என்றேன்.

"மீசைய ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாங்களாப்பா?" என்றாள் அவள்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. ஏழாவது தடவை ஆட உட்கார்ந்தேன். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் தாராபுரத்துக்காரி. திரையில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது மலைக்குக் கெழக்கால இல்லீங்களா இருக்குது? எங்கூருப் பக்கம். அங்க ஆனி, ஆடியில வெறும் காத்துதானுங்க. ஆள தள்ளிட்டுப் போற காத்து. மழைங்கறது ஐப்பசிக்குத்தான். டீ ஆறுது, குடிங்க."

நான் வரைபடத்தைப் பார்த்தேன். மலை இடதுபுறம், கோட்டை வலதுபுறம். இத்தனை நாளாக அது என் கண்ணெதிரேதான் இருந்தது. மலையைக் கண்டதும் ஜூனில் மழை பிடிக்கிற நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று மணி நேரப் பயண தூரத்தில்தான் மாமனார் வீடு. இருபது வருடமாகத் தீபாவளிக்கு நனைந்துகொண்டே போய்வருகிறேன். அப்படியும் புத்தியில் உறைக்கவில்லை.

மகள் நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தடவை முதல் மாதத்திலேயே பாதிச் சோறு என்று உத்தரவு போட்டேன். குதிரைகள்தான் அதிகம் தின்கின்றன என்று அவற்றைப் பின்வாசல் வழியாக மலைக்கு அனுப்பிவிட்டேன். மாதாமாதம் சில வீரர்கள் பசி தாங்காமல் ஓடிப்போனார்கள். ஓடுகிறவர்களை மறிக்கவில்லை. ஆடி மாதம் காற்று வந்தது. எதிரியின் பாசறை கோட்டைக்குக் கிழக்கே இருந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று நேரே அவர்கள்மேல்தான் போகும். காய்ந்த புல்லில் தீ வைக்கச் சொன்னேன். அவர்களுடைய வைக்கோல் போர் முழுவதும் எரிந்துபோனது. அக்டோபரில் திரையில் வானம் கறுத்து மழை பிடித்தது. பீரங்கிகள் சேற்றில் புதைந்தன. நவம்பரில் எதிரி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பினான்.

மகள் எழுந்து நின்றாள். என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். பிறகு மெதுவாக நோட்டைப் பார்த்தாள்.

மனைவிக்கு அப்போதுதான் பந்தயத்தின் முழு விவரம் தெரிந்தது. "நான் டீ ஆறுதுன்னுதானுங்க சொல்ல வந்தேன். அதையெல்லாம் ஒரு யோசனைன்னு எடுத்துக்குவாங்களா?"

"அம்மா சொல்லாட்டி ஜூன்லயே போயிருக்கும். ஆனா ஜெயிச்சதும் நெசந்தான்" என்றாள் மகள். "நீங்களே சொல்லுங்கப்பா."

கடைசி வார்த்தையை என்னிடம் விட்டதுதான் சிக்கல். அவளே தீர்ப்புச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். நோட்டில் என் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே வேறு யாராவது யோசனை சொன்னால் தோல்வி என்று இருந்தது. மறுநாள் காலையில் பக்கத்திலிருக்கும் கோவிந்தாபுரம் போய்ச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஆட்களில் மீசை வைத்தவன் திடீரென்று அதை எடுத்தால் வீட்டில் துக்கம், பெரும்பாலும் அப்பா தவறிவிட்டார் என்று அர்த்தம். சலூனை விட்டு வெளியே வந்ததும் எதிரே வந்த மாங்காய் வியாபாரி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எப்பங்க? அய்யன் நல்லாத்தானுங்களே இருந்தாரு?"

"அய்யன் நல்லா இருக்காருங்க. கம்பு வெதைக்கப் போயிருக்காரு" என்றேன். அப்புறம் நடுரோட்டில் நின்று முற்றுகைக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. தானியம், குதிரை, ஆடிக் காற்று, டீ, நோட்டு எல்லாவற்றையும். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"கடைசில உள்ள எத்தன பேருங்க மிஞ்சுனாங்க?"

"நூத்திப் பன்னண்டு பேருங்க."

"பாதிச் சோத்துல, பத்து மாசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துண்டை மறுபடி தலையில் கட்டினார். டீக்கடைப் பக்கம் திரும்பி, ரெண்டு டீ என்று விரலைக் காட்டினார்.