கறைக்குக் கிடைத்த எண்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் பதினாறு வருடம் முதுகு ஒடிய உட்கார்ந்து எழுத்து வரைந்தவள் அவள். அதுவும் இன்றுவரை ஒருவருக்கும் படிக்கத் தெரியாத பழங்கால எழுத்து. கற்பலகைகளின் புகைப்படங்களைப் பார்த்து ஒவ்வொரு குறியையும் கணினியில் வரைந்தாள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, வேறாகத் தெரிந்தவற்றைப் பிரித்து, முந்நூற்று நாற்பது குறிகளுக்குப் பட்டியல் போட்டாள். கணினி எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் உலகக் குழு அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. அன்று அவள் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

அடுத்த வருடம், வெளிநாட்டிலிருந்து ஒரு பலகை திரும்பி வந்தது. அதுவரை அதை அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். கல் சுத்தம் செய்பவர் மேசைமேல் வைத்துக் காட்டினார். இரண்டாம் வரியைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

“அண்ணே, இங்க கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கணுமே?”

“அதுவா? வெறும் சுண்ணாம்புக் கறைம்மா. ஈரப் பஞ்சு பட்டதும் கரைஞ்சு போயிடுச்சு.”

அது இருநூற்றுப் பன்னிரண்டாம் குறி. வேறெந்தப் பலகையிலும் வராத குறி.

அன்று மதியமே குழுவுக்கு எழுதினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற வழியில்லை, வேண்டுமானால் பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்க்கலாம். அதற்குள் ஒரு பேராசிரியர் அந்தக் கொக்கி அரசனின் அடையாளம் என்று நாற்பது பக்கம் எழுதித் தள்ளியிருந்தார்.

“விட்டுத் தள்ளும்மா, யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் கணவர்.

“யாருக்குமே படிக்கத் தெரியாததுதாங்க வினையே. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எவராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பாங்க.”

மற்ற குறிகளையாவது கல்லிலேயே சரிபார்த்துவிடலாம் என்று கிளம்பினாள். பாதிப் பலகைகள் எப்போதோ தீ விபத்தில் வெடித்துச் சிதறிப் போயிருந்தன. மீதி யார் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளிலோ இருந்தன. கடிதம் போட்டால் பதிலே இல்லை. மறுபடியும் புகைப்படங்களைத்தான் எடுத்துப் பரப்பினாள். எந்த வளைவைப் பார்த்தாலும் கறையோ, கீறலோ, நிழலோ என்றுதான் தோன்றியது. எது எழுத்து என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

மாதக் கடைசியில் இயக்குநர் அறைக்குப் போய், நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்துக்குத் தன்னை மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டாள். அவர் காரணம் கேட்டார்.

“கண்ணு சரியில்லைங்க சார்” என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.