வடக்கு எல்லைக் கொட்டகைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் டவுன் பஞ்சாயத்தில் பெண் உறுப்பினருக்கான இடம் காலியாகக் கிடந்தது. எட்டாவது வரை படித்தவள், வீட்டில் தடுக்க மாமியார் இல்லாதவள் என்று என்னை நியமித்தார்கள். கூட்டத்தில் நான் வாய் திறப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை. முதல் வருஷம் திறக்கவும் இல்லை.

ஊர் அப்போது வடக்குப் பக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது. மழை இல்லாமல் காய்ந்த கரிசல் காட்டு நிலங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் தீப்பெட்டி ஆபீசும் வெடி ஆபீசும் போட்டார்கள். தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் பெயர். கட்டடம் மேல் கட்டடம் வந்ததே தவிர, பாதை மாட்டுவண்டித் தடமாகவே இருந்தது. அம்புட்டுக்கும் ஒரே கிணறு. பங்குனி பிறந்தால் வாளியில் சேறுதான் வரும். ஒரு நாள் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நெருப்புப் பிடித்தது. வேலை செய்த பெண்கள் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரையும் மண்ணையும் கொட்டி அணைத்தார்கள். யாருக்கும் பெரிய காயம் இல்லை. கரிந்த கூரையின் கீழே மறுநாளே வேலை நடந்தது.

அதன் பிறகுதான் நிர்வாக அதிகாரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். தண்ணீர் இல்லாத ஊரில் இத்தனை வெடிமருந்தைக் குவித்து வைத்திருக்கிறார்களே என்ற திகைப்பு அவர் முகத்தை விட்டுப் போகவே இல்லை. புதுக் கட்டடத்துக்கான கட்டணம், ஊர் கிராமமாக இருந்த காலத்தில் வைத்தது. அதை உயர்த்த வேண்டும். பெரிய கட்டடத்துக்குக் கட்டணமும் கூடுதலாக இருக்க வேண்டும். வரும் பணம் தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும், தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்கு ஒரு ரோட்டுக்கும் மட்டுமே போக வேண்டும் என்றார்.

உறுப்பினர்களில் ஒருவர் வெடி ஆபீஸ் முதலாளி. யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அன்றும் சிரித்தபடியேதான் சொன்னார்.

“நீங்க சொல்லுதது ஞாயந்தான். ஆனா இங்கனதான் கட்டணும்னு யாருக்குத் தலையெழுத்து? எட்டி நடந்தா அடுத்த ஊரு.”

எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது, என்னை விட்டுவிட்டு எண்ணினால் இரு பக்கமும் சமமாக நின்றது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினேன். முதலாளியின் சிரிப்பு மாறவில்லை.

தொட்டி எழுந்தது. எல்லைக் கல் வரைக்கும் குழாய் போனது, தார் ரோடு போனது. முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கிராமத்துப் பொட்டலில், வரிசையாகப் பனங்கால் நட்டு ஓலை வேய்ந்திருந்தார்கள். வெடி செய்யும் கொட்டகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ஆடிக் காற்றில் ஓலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. முன்பு எங்கள் காட்டில் களை எடுக்க வந்த பெண் ஒருத்தி, தலையில் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக நடந்துபோனாள். பஸ்ஸை நிறுத்தி இறங்கி அவளிடம் போனேன்.

“இங்கனயா வேலைக்கு வாரே?”

“ஆமாம்மா. பழைய ஆபீஸ்ல பாதிப் பேரு இங்கனதான் இருக்கோம். இங்க கட்டணம் கெடையாதாம்.”

“தண்ணி?”

“இந்தா, நாங்க சொமந்துட்டு வாரதுதான். தீப்பிடிச்சா ஊத்தன்னு பீப்பா வச்சிருக்காக. அதுல தண்ணியக் கண்டதில்ல.”

“பெறகு ஏன் வாரே?”

அவள் குடத்தை இடுப்புக்கு இறக்கினாள். “காட்டு வேலை எங்கம்மா இருக்கு? இங்க கூலியும் கொஞ்சம் கூடத் தாராக.”

அதிகாரியிடம் சொன்னேன். எல்லைக்கு வெளியே தமக்கு அதிகாரம் இல்லை என்றார். பக்கத்துக் கிராமத் தலைவர் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்து உபசரித்தார். “ஒங்க ஊரு மட்டும் வளரணுமா தாயி? எங்க ஊருக்கும் பொளப்பு வரட்டுமே” என்றார். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதன் பிறகு வடக்கே இடி இடித்தால்கூட நான் வாசலுக்கு வந்து பார்ப்பேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு முற்பகல். அடுப்படியில் இருந்தேன். தட்டுகள் அலமாரியில் கிடுகிடுத்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. வெளியே வந்தபோது வடக்கே வெள்ளைப் புகை எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. எங்கள் தார் ரோட்டில் வேகமாக வந்து, ரோடு முடிந்த இடத்தில் கரிசல் சேற்றில் இறங்கிப் புதைந்தது. வண்டியின் குழாய் கொட்டகைகள் வரை எட்டவில்லை. எங்கள் கடைசிக் குழாயிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று குடம் மாற்றினோம். நானும் நின்றேன். வெடித்துச் சிதறியபடி இருந்ததால் யாராலும் நெருங்க முடியவில்லை. கையில் குடம் வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தைக் கூட்டத்தில் தேடினேன். சாயங்காலம் அவள் புருஷன் அவளைக் கால் மிஞ்சியை வைத்து அடையாளம் சொன்னான். அவளோடு சேர்த்து அந்தக் கொட்டகையில் இருந்த யாரும் பிழைக்கவில்லை.

சில மாதங்களில் எல்லையை வடக்கே நகர்த்த உத்தரவு வந்தது. எரிந்த பொட்டலும் எங்கள் பஞ்சாயத்துக்குள் வந்தது. அங்கும் அதே கட்டணம், அங்கும் குழாய் என்று தீர்மானம் போட்டோம். அன்று நான் எழுந்து நின்று பேசினேன். சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் ஒரே கட்டணம் வைக்காவிட்டால் இது ஓயாது என்றேன். அது நம் கையில் இல்லை, மேலே எழுதிப் பார்ப்போம் என்றார்கள். தீர்மானத்தை ஒருவரும் எதிர்க்கவில்லை. வெடி ஆபீஸ் முதலாளியும் கை தூக்கினார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். முதலாளி அதிகாரியின் பக்கத்தில் போய் நின்றார்.

“புது எல்லைக் கல்ல எந்த எடத்துல ஊனப் போறீக?” என்று மரியாதையாகக் கேட்டார்.

அதிகாரி கையை நீட்டிக் காட்டினார். முதலாளி அதற்கும் அப்பால், அடுத்த ஊர் இருக்கும் திசையைக் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.