தார் சுடாத கால்கள்

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் தார் ரோடு போட்டபோது எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். ஒல்லி உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு பீடி. யாரையும் அவர் அடித்ததில்லை. காலில் சுற்றிக்கொள்ளத் தினமும் சாக்குத் துண்டு கொடுப்பார், ஊர் ஆட்களுக்கு மட்டும். எனக்கும் கிடைத்தது. சேரி ஆட்கள் சுடுதார் மேல் வெறுங்காலோடு நடந்தார்கள்.

ஒருநாள் ஜல்லி சுமந்த சேரிப் பெண் ஒருத்தி, "எனுக்கும் ஒரு சாக்கு குடு மேஸ்திரி, காலு வெந்துபூட்ச்சி" என்றாள்.

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா? உங்க காலுக்குத்தான் சூடே தெரியாதே!"

அதை அவர் நிஜமாகவே நம்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. "குனிஞ்சு பாரு மேஸ்திரி" என்றேன்.

அவள் காலைத் தூக்கிக் காட்ட, பார்த்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வடிந்தது. முகம் வாடி, தன் தலைத்துண்டையே அவிழ்த்து அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் அவளுக்கும் சாக்கு கிடைத்தது. பின்னால் நின்ற சேரிப் பெண்களும் கை நீட்டினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

"இவங்களுக்கு?" என்றேன்.

"அவங்களுக்கு எதுக்கு நைனா? இவ காலு மட்டும்தான் நம்ம காலு மாதிரி கீது."

அந்த வாரமே அங்கிருந்து கிளம்பிவிட்டேன். எத்தனை கால்களைக் காட்டியிருந்தால் அவருக்குப் போதுமாக இருந்திருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.