என் காடியின் பழைய ஓனரைத் தேடி ஜெஞ்சாரோம் போன சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான், ஜெஞ்சாரோம், காப்பார் என்று ஒரே நாளில் 99 கிலோமீட்டர் ஓட்டினேன். வழியில் மலையோ அருவியோ கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமும் லோரிகளும்தான். ஆனால் ‘பழைய எஸ்யூவி வாங்கலாமா, அதை நம்பித் தூரம் போகலாமா’ என்று எனக்கு எழுதிக் கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு இந்தப் பயணத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

கிளம்பக் காரணம் என் அக்கா புனிதா. காப்பாரில் இருக்கிறாள். அப்போது பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் கணவர், அதாவது மாமா, துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் ஜொகூர் பக்கம். லீவு கேட்டதற்கு அவருடைய முதலாளி, “பொறந்ததும் போன் பண்ணு, தரேன்” என்றாராம். பிறப்பதற்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது என்பது முதலாளியின் கவலை இல்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் காடி வாங்கித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் வேலைக்கும் போக முடியாது, பிள்ளையும் பெற முடியாது. கடைசி இரண்டு வாரம் காப்பாரிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் அனுமதி வாங்கினேன். வலி எடுத்தால் நான்தான் டிரைவர்.

காடியைப் பற்றிச் சொல்கிறேன் (எங்கள் ஊரில் கார் என்றால் காடிதான்). ஒன்றரை லிட்டர் எஞ்சின், ஆட்டோ கியர், சின்ன எஸ்யூவி. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு கம்பெனியுடையது இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன் கிள்ளானில் ஒரு பழைய காடிக் கடையில் வாங்கினேன். மீட்டரில் 61,000 கிலோமீட்டர். “லேடி ஓனர் பாஸ், பக்கத்துலதான் ஓட்டுனாங்க” என்றார் விற்றவர். பணம் கட்டப்போகிற என்னிடம் அல்ல, துணைக்கு வந்திருந்த மாமாவிடம். அம்மா நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்தார், ஒன்பது வந்தது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குடும்பமே சேர்ந்து நம்பர் பிளேட்டைச் சரிபார்த்தோம். மீட்டரை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

பதினான்கு மாதத்தில் அது ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. ஒரே குறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூலன்ட் கொஞ்சம் குறையும். பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்பில் மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள். “எம்பதாயிரம்கூட ஆகல, வாட்டர் பம்புக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கு மா” என்று கூலன்டை ஊற்றி அனுப்பிவிடுவார்கள்.

அக்காவை ஏற்றப் போகிறோமே என்று அந்த வாரம் காடியைச் சுத்தம் செய்தேன். பின் சீட்டுக்கு அடியில், தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்புக்குள் ஒரு அட்டை சிக்கியிருந்தது. ஜெஞ்சாரோமில் ஒரு வொர்க்‌ஷாப்பின் பெயர், என் காடியின் நம்பர், ‘கியர் எண்ணெய் மாற்றியது: 121,400 கி.மீ.’ தேதி மூன்று வருடம் பழையது. அன்று என் மீட்டர் காட்டியது 79,100.

முதலில் சிரித்தேன். அப்புறம் அக்காவின் வயிறு ஞாபகம் வந்தது. இந்தக் காடியைப் பற்றி எனக்கு உண்மையில் எதுவும் தெரியாது. மூன்று வாரத்தில் அதை நம்பி இரண்டு உயிரை ஏற்றப் போகிறேன்.

சனிக்கிழமை காலை 7:40க்குக் கிளம்பினேன். பெடரல் ஹைவேயில் கிள்ளான் வரை 33 கிலோமீட்டர், 38 நிமிடம், டோல் இல்லை. கிள்ளானில் இரண்டு ரொட்டி சானாய் பரோட்டா, ஒரு தே தாரிக் டீ, 6 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. அங்கிருந்து பந்திங் சாலையில் ஜெஞ்சாரோம் 22 கிலோமீட்டர். தூரம் குறைவு, ஆனால் லோரிக்குப் பின்னால் மாட்டினால் நேரம் லோரியின் கையில். 9:50க்கு வொர்க்‌ஷாப் வாசலில் நின்றேன்.

வொர்க்‌ஷாப்காரர் ஆ ஹோக் அறுபதை ஒட்டிய சீனர். தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறார். என்னைப் பார்க்குமுன் காடியைப் பார்த்தார்.

“இது ஜமீலா காடி லா! எங்க போச்சுன்னு இருந்தேன். மீட்டர் எத்தன இப்ப?”

“எழுபத்தொம்போது, அங்கிள்.”

“நூத்தி எழுபத்தொம்போதா?”

“வெறும் எழுபத்தொம்போது.”

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஐயோ, காடி எளமையாயிடுச்சு! அந்தக் கடை அட்ரஸ் எனக்கும் குடு லா, நானும் போய் ஒரு இருவது வயசு கொறச்சிட்டு வரேன்.”

அவரே போன் போட்டார். பத்து நிமிடத்தில் துணி மூட்டைகள் அடைத்த வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்தான் ‘பக்கத்திலேயே ஓட்டிய’ லேடி ஓனர், ஜமீலா ஆன்டி. பாசார் மாலாமில் துணிக் கடை போடுகிறவர். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு ஊர்ச் சந்தை.

“திங்க பந்திங், செவ்வா காப்பார், புதன் பண்டமாரான். வெள்ளிக்கெழம சபாக் பெர்ணம் வரைக்கும் போவேன் மா. பின்னாடி மூட்டைய ஏத்துனா காடி மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும். ஸ்பிரிங் ரெண்டு தடவ மாத்தியிருக்கேன்.”

“எத்தன கிலோமீட்டர்ல வித்தீங்க ஆன்டி?”

“நூத்தி அறுவத்து மூணாயிரம். ஆறு வருஷ ரசீதும் ஒரு ஃபைல்ல போட்டு அந்தக் கிள்ளான் கடைக்காரன் கையில குடுத்தேன். பொரட்டிப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? ‘ஆன்டி, ரொம்ப ஓடியிருக்கு, யாரும் வாங்கமாட்டாங்க’ன்னு எட்டாயிரம் வெள்ளி கொறச்சிட்டான்.”

“என்கிட்ட, ரொம்ப ஓடாத காடின்னு சொல்லி வெலைய ஏத்துனாங்க.”

ஜமீலா ஆன்டி என்னைப் பார்த்தார். “பாவிப் பய. என்கிட்ட கெழவின்னு வாங்கி, உன்கிட்ட கொமரின்னு வித்திருக்கான்.”

எனக்கு எரிச்சல் தந்தது கொள்ளைகூட இல்லை, அந்த ஃபைல்தான். நேரத்துக்கு எண்ணெய் மாற்றி, நேரத்துக்கு பெல்ட் மாற்றி, ஒரு பெண் ஆறு வருடம் ஒழுங்காக வைத்திருந்த காடி. அதன் நல்ல குணத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்த ரசீதுகள். உண்மையான கிலோமீட்டர் அதில் இருந்ததால் அது குப்பைக்குப் போனது. நல்ல பொருளைக்கூடப் பொய் சொல்லித்தான் விற்பது என்று பழகிவிட்டார்கள். குறைந்த கிலோமீட்டரைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறவரை அவர்களுக்கு இதைக் கைவிட ஒரு காரணமும் இல்லை.

இதற்குள் ஆ ஹோக் டார்ச்சோடு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். “இங்க வா தங்கச்சி. இந்த ரோஸ் கலர் உப்பு மாதிரி காஞ்சிருக்கு பாரு? வாட்டர் பம்ப் ஒழுகுது. நூத்தி எம்பதுல மாத்தணும்னு ஜமீலாகிட்ட சொல்லி வச்சேன். இப்ப நெசமா நூத்தி எம்பத்தொண்ணு.”

“இப்படியே ஓட்டுனா?”

“இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் ஜாம்ல, வெயில்ல, ஏர்கோன் போட்டு நிப்ப. அப்ப கொதிக்கும்.”

காப்பார் சாலையில் லோரிகளுக்கு நடுவே அக்காவோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ‘இன்னும் நாள் இருக்கு’ என்று என் வொர்க்‌ஷாப்பில் சொன்னவர்கள் ஏமாற்றவில்லை. மீட்டர் சொன்னதை நம்பினார்கள். பொய்யை ஒருவன் சொன்னால் போதும், அதற்குப் பிறகு நல்லவர்களும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

புது பம்ப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 410 வெள்ளி. 10:30க்கு ஆரம்பித்து 1:15க்கு முடிந்தது. அதுவரை ஜமீலா ஆன்டியும் கூடவே உட்கார்ந்திருந்தார். ஆறு வருடத்தில் காடி நின்றது ஒரே தடவையாம். சபாக் பெர்ணமில் மழையில் பேட்டரி செத்து, எதிரே துணிக் கடை போடுகிற அண்ணன் தள்ளிவிட்டாராம். “ஆட்டோ கியர் காடிய தள்ளுனா ஸ்டார்ட் ஆவுமா? ஆவாது. ஆனா மனுஷன் அரை மணி நேரம் தள்ளுனாரு, நானும் சொல்லல, யாவாரத்துல போட்டியாளு.”

வேலை முடிந்ததும் சோதனை ஓட்டம். சாவியைக் கேட்டு வாங்கி ஆன்டியே ஓட்டினார். செம்பனைகளுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர் போய்வந்தோம். “என்ன மா, காடிக்குள்ள மல்லி வாசனை வச்சிருக்க? துணி வாசம் போயிடுச்சே” என்று குறைப்பட்டார். இறங்கும்போது ஆ ஹோக்கிடம் ஒரு காகித டேப்பும் பேனாவும் வாங்கி, ‘+102,000’ என்று பெரிதாக எழுதி மீட்டருக்குக் கீழே ஒட்டினார்.

திரும்பும் வழியில் கிள்ளானில் அந்தக் கடைக்குப் போனேன். போகாமல் இருக்க எனக்குத் தெரியாது. அதே ஆள். “நாங்க வாங்கும்போதே மீட்டர் அப்படித்தான் இருந்துச்சு தங்கச்சி” என்றார். ஜமீலா ஆன்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“தம்பி, என் ஃபைல் எங்க?”

கடைக்காரர் போனை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு அவர் என்னிடம், நிஜமாகவே புரியாதவர் போல, “காடி ஓடுதுல்ல? அப்புறம் என்ன பிரச்சினை?” என்றார்.

அட்டையின் படத்தையும் ஆன்டியின் வாக்குமூலத்தையும் சேர்த்து நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்ப வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் அந்த ஆளுக்கு ஒரு நாள் வேலை கெடும்.

3:20க்குக் காப்பார். கிள்ளானிலிருந்து 18 கிலோமீட்டர். நாள் முழுக்க பெட்ரோல் இருபது வெள்ளிக்குள். நடந்ததைச் சொன்னதும், அக்காவுக்குத் துணையாக அங்கே வந்திருந்த அம்மா, “நம்பர் ஒம்போது, அதான் நேரத்துக்கு அட்டை கண்ணுல பட்டுச்சு” என்று முடித்துவிட்டார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிறைய ஓடிய காடியைப் பார்த்து ஓடாதீர்கள். என்னுடையது 181,000 தாண்டியும் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. ரசீது கேளுங்கள். “இல்ல பாஸ், தொலைஞ்சு போச்சு” என்றால் மீட்டரையும் நம்பாதீர்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருந்து, மீட்டர் ஐம்பதாயிரம் காட்டினால் யாரோ உங்களைச் சிறுபிள்ளை ஆக்குகிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற காடி. கடைக்காரர் காட்டும் வொர்க்‌ஷாப்புக்குப் போகாமல் உங்கள் ஆளிடம் கொண்டுபோங்கள். வாங்கியபின் சீட்டுக்கு அடியில் தேடுங்கள், சும்மா சொல்லவில்லை. என்றாவது நான் இதை விற்பேன். அப்போதும் அந்த டேப் மீட்டருக்குக் கீழே இருக்கும், விலை குறைந்தால் குறையட்டும்.

அக்காவுக்கு வலி எடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை. 9:20க்குக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர். பாதி வழியில், ஆ ஹோக் சொன்ன மாதிரியே ஜாம், வெயில், முன்னாலும் பின்னாலும் லோரி. ஏர்கோன் முழுசாக ஓடியது. நான் சாலையைப் பார்த்ததைவிட வெப்ப முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். அது நடுவில் வைத்தது வைத்தபடி நின்றது.

“என்னடி இது, பிளஸ் நூத்தி ரெண்டாயிரம்?” அக்கா டேப்பைப் பார்த்துவிட்டாள்.

“காடி நெசமா ஓடுனது. ஆறு வருஷம் செவ்வாக்கெழம தவறாம காப்பார் வந்துட்டுப் போயிருக்கு.”

அடுத்த வலி வந்து போகும்வரை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, “அப்ப அதுக்கு வழி தெரியும். நீ வாய மூடிட்டு ஓட்டு லா” என்றாள்.

10:04க்கு ஆஸ்பத்திரி. மதியம் 1:35க்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ. மாமா ஜொகூரிலிருந்து முதலாளிக்குப் போன் செய்தார். லீவு கிடைத்தது.