சிவப்புக்கு அர்த்தம் சொன்ன அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஏதாவது உண்டா என்று அவரிடமே கேட்டால், யோசிக்காமல் இல்லை என்பார். லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையில் கெட்டிக்காரர்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். சனியன், அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் வேலை பார்க்கிற கட்டடங்களில் டாக்டர், வக்கீல், பாங்க் மானேஜர் என்று பலர் குடியிருக்கிறார்கள். அவர்களோடு லிஃப்டுக்குள் நின்று நின்று, அவர்கள் படித்த படிப்பெல்லாம் தனக்கும் ஏறிவிட்டதாக ஒரு நினைப்பு.

வீட்டு ஃப்ரிட்ஜை அவரே பிரித்து ரிப்பேர் செய்தார். இப்போது அக்கா அதில் பழைய போர்வைகளை வைத்திருக்கிறாள். பல் டாக்டரிடம் போய் எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று இவரே காட்டினார். எக்ஸ்ரே எடுக்கணும் என்று டாக்டர் சொன்னதும் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டு, மாதக்கணக்கில் ஒரு கன்னத்தால் மென்றுகொண்டிருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்வார்களே, அத்தானைக் கேட்டால் அந்த நாலாவது கால் முயலுடையதே கிடையாது, பூனையுடையது என்று நிரூபித்துக் காட்டுவார்.

அக்கா ஒரு பெரிய தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பெண்களை ஒரு பார்வையில் அடக்குகிறவள், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். கேட்டால், "அவரோட யாருடி மல்லுக்கட்டறது, பேசிட்டுப் போகட்டும்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அக்காவுக்கு வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. ஸ்கேன் சென்டரில் இருந்த டாக்டர் பொறுமைசாலி. வழக்கமான ஸ்கேனில் கட்டியின் வடிவம் தெரியும், இந்த ஸ்கேன் சதை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதையும் அளந்து கலராகக் காட்டும் என்று விளக்கினார். புற்றுக்கட்டி பெரும்பாலும் சுற்றியிருக்கிற சதையைவிடக் கெட்டியாக இருக்குமாம்.

"இந்த மெஷின்ல நீலம்னா கெட்டியா இருக்குன்னு அர்த்தம். பச்சை, செவப்புன்னா மெதுவா இருக்கு. உங்களுக்குப் பச்சையும் செவப்புமாத்தான் இருக்கு. மத்ததும் நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றார்.

'இந்த மெஷின்ல' என்றாரே, அது மட்டும் அத்தான் காதில் விழவில்லை. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ஆயிற்று. அன்றிலிருந்து அத்தான் ஸ்கேன் நிபுணர் ஆகிவிட்டார். தெருவில் யார் எந்த ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தாலும், "நீலமா, செவப்பா?" என்று கேட்பார். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தவரையும் விடவில்லை.

இந்த வருஷம் இடது மார்பில், அக்குளை ஒட்டி இன்னொரு கட்டி வந்தது. அக்கா முதலில் என்னிடம்தான் சொன்னாள். நான் அதட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, கூடப் போனது அத்தான்.

பெரிய ஆஸ்பத்திரி, வேறு மெஷின். இருட்டாக்கிய அறையில் அக்கா கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருக்கிறாள், மார்பில் ஜில்லென்ற ஜெல். வெளியே இருங்க என்று சொல்லியும் கேட்காமல், "நானும் டெக்னிக்கல் லைன்தான்" என்று சொல்லி அத்தான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாராம். ஸ்கேன் பார்த்தது ஒரு லேடி டாக்டர். ஸ்கேன் கருவியைக் கட்டி இருந்த இடத்தில் வைத்து அழுத்தாமல் பிடித்ததும், திரையில் அந்த இடம் மட்டும் சிவந்து வந்தது.

"பாத்தியா, செவப்பு! ஒண்ணுமில்ல, மெத்து மெத்துன்னு இருக்கு" என்றார் இவர்.

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசி போட்டு கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். வெளியே இருங்க, ரிப்போர்ட் எழுதிட்டுக் கூப்பிட்டுப் பேசறேன்" என்று அக்காவிடம் சொன்னார். அவர் கூப்பிடும்வரை இவர் இருக்கவில்லை. "ஊசி போட்டு உன்னைப் புண்ணாக்கி வெச்சாத்தான் இவங்களுக்குப் பொழப்பு ஓடும். வா, போலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவும் வந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று ஒருத்தர் சொன்னால் நம்பத்தானே தோன்றும்? அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது அத்தானின் நம்பர். ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்தது. அதில் இருந்த எழுத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதெல்லாம், "ஆள் புடிக்கறானுங்க" என்று கட் பண்ணினார். அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் காட்டி, செவப்புக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியின் மார்பு ஸ்கேனை வாட்ச்மேனிடம் காட்டுகிற மனுஷனை என்னவென்று சொல்வது? வெட்கக்கேடு!

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். என்னிடமும் போனை நீட்டினார்.

"பாரு, எப்படிச் செவப்பா இருக்கு. ஊசி வேணுமாம் ஊசி!"

வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் குட்டியாக ஒரு கலர் பட்டை இருந்தது. கீழ்முனை நீலம், அதற்கு நேரே 'மிருது' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மேல்முனை சிவப்பு, அதற்கு நேரே 'கடினம்'. அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அத்தான், இது என்ன எழுதியிருக்கு?"

லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஒட்டியிருப்பதைப் படிக்காமல் ஏறுகிறவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பட்டையைத் தலைகீழாப் போட்டிருக்கான். பிரிண்ட் மிஸ்டேக்" என்றார்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். என் கையிலிருந்த போனை வாங்கி, அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு, யாரும் படிக்காத ரிப்போர்ட்டைக் கடைசிவரை நின்றபடியே படித்தாள். கட்டியின் ஓரம் ஒழுங்காக இல்லை, விறைப்பு அதிகம், உடனே ஊசிப் பரிசோதனை தேவை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. போனை அவரிடம் கொடுக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு லீவு போடுடி" என்றாள்.

மறுநாள் ஊசி போட்டார்கள். அந்த லேடி டாக்டர் திட்டவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் கலர் ஒவ்வொரு மாதிரி வைக்கலாம், பட்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், கலரை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது என்று மட்டும் சொன்னார். ரிசல்ட் வருகிற அன்று அத்தானும் வந்தார். வராதீங்க என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரின் அறை. மேஜைக்கு இந்தப்பக்கம் நாங்கள் மூன்று பேர். டாக்டர் பழக்கதோஷத்தில் அத்தானைப் பார்த்தே பேசினார். புற்றுதான். அக்குளில் ஒரு நெறிகட்டிக்கும் பரவியிருக்கிறது. ஆபரேஷன், அப்புறம் மருந்து, சரிபண்ணக்கூடிய கட்டம்தான் என்றார்.

அக்கா அழவில்லை. "டாக்டர், அன்னிக்கே ஊசி போட்டிருந்தா இது அக்குளுக்குப் போயிருக்காதா?" என்று கேட்டாள்.

"முன்னாடியே போயிருந்துச்சா, நடுவுல போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

அக்கா நாற்காலியோடு அத்தான் பக்கம் திரும்பினாள். தையல் யூனிட்டில் அவள் நாற்பது பேரைப் பார்க்கிற பார்வையை வீட்டு ஆள் ஒருத்தர்மேல் வைத்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"டாக்டருக்குத் தெரியலயாம். நீங்க சொல்லுங்க."

அத்தான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க. மூணு வாரம் என்னை வீட்ல உக்கார வெச்சீங்களே. அப்ப போச்சா, முன்னாடியே போச்சா? தினமும் ராத்திரி நான் இதைத்தான் யோசிக்கணும், தெரியுமா உங்களுக்கு?"

எனக்கு அவர்மேல் துளிகூடப் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

"தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று முனகிக்கொண்டே எழுந்தார். அக்காவின் மடியில் இருந்த பாட்டிலில் தண்ணீர் நிறையவே இருந்தது. கதவு சாத்தியது. அவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆபரேஷன் என்னிக்கு டாக்டர்? இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க."