உறையாத பால்

எனக்குப் பென்சிலின் ஆகாது. அது தெரிந்து டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் எப்போதும் கவனமாக இருப்பேன். அது பாலில் வரும் என்று நினைத்ததேயில்லை.

முக்கூடலில் எங்களுக்குப் பால் ஊற்றுபவள் செல்லத்தாய். ஒருநாள் அவள் ஊற்றிய பால் தயிராகவே இல்லை. உறைமோர்தான் கெட்டுவிட்டது என்று என் மனைவி பக்கத்து வீட்டில் வேறு வாங்கி ஊற்றினாள். அப்போதும் உறையவில்லை. உறையாவிட்டால் என்ன, குடிக்கலாமே என்று மறுநாள் அவள் ஊற்றிய பாலைக் காய்ச்சி ஒரு தம்ளர் குடித்துவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நெரிசலில் கையைத் தூக்க இடமில்லை. உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, தொண்டைக்குள் யாரோ கதவைப் பைய இழுத்துச் சாத்துவது போலிருந்தது. வெளியே ஒரு கேட், உள்ளே ஒரு கேட், நடுவில் நான்.

"என்ன வே, மொகம் பூசணிக்கா கணக்கா வீங்குது!" என்றார் கண்டக்டர். பதில் சொல்லக் குரல் வரவில்லை. கேட் திறந்ததும் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்த வைத்தார்.

டாக்டர் ஊசி போட்டு, மூச்சு சீரானபின், தின்றது குடித்ததையெல்லாம் விசாரித்தார். "மாட்டுக்கு மருந்து ஏத்தினாங்களான்னு கேளுங்க. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது" என்றார்.

கேட்டேன். மாட்டின் மடிவீக்கத்துக்குப் போட்டது பென்சிலின்தான்; பாலை உறையவிடாமல் செய்ததும் அதுதான். "ஊசி மாட்டுக்குத்தான அண்ணாச்சி போட்டோம், பாலுக்கா போட்டோம்?" என்று செல்லத்தாய் அழுதேவிட்டாள்.

இப்போதெல்லாம் பால் வாங்குமுன் மாட்டுக்குச் சுகமா என்று கேட்கிறேன். ஊசி போட்டிருந்தால், மாட்டு டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை எங்கள் வீட்டில் கடுங்காப்பிதான்.

"எனக்குச் சுகமான்னு ஒருநாளாவது கேக்கியளா?" என்கிறாள் செல்லத்தாய்.

கேட்கிறேன், மாட்டுக்கு அப்புறம்.